அமரில்லிஸ் காய் முற்றும் முன்பே விழுகிறது

ஊர் கோவை, மொட்டைமாடித் தொட்டிகள். பழைய நாட்டுச் சிவப்பு அமரில்லிஸில் (கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி) ஆப்பிள் பிளாசம் என்ற டச்சு ரகத்தின் மகரந்தம் வைத்தால் காய் பிடிக்கிறது. இரண்டு வாரத்தில் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. உள்ளே வெறும் சப்பை விதைகள். முற்ற நான்கைந்து வாரமாவது வேண்டுமே.

மொட்டு விரியும்போதே தாய்ப்பூவின் மகரந்தப்பைகளைக் கிள்ளிவிடுகிறேன். சூல்முடி (மகரந்தம் ஏற்கும் நுனி) மூன்றாகப் பிரிந்த பிறகுதான் தூரிகையால் தடவுகிறேன். நிழல்வலை கட்டினேன், தண்ணீரைக் குறைத்தேன், அப்புறம் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கொடுத்தேன். பலனில்லை. அதே மாடியில் ரெட் லயன் என்ற இன்னொரு டச்சு ரகத்தோடு ஆப்பிள் பிளாசத்தைச் சேர்த்தபோது நல்ல கறுப்பு விதை கிடைத்து முளைத்தும் விட்டது. அதனால் வெயில்மேல் எனக்குச் சந்தேகமில்லை. பெரிய பூ டச்சு ரகங்கள் பெரும்பாலும் நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளவை. நாட்டுச் சிவப்போடு அது பொருந்தவில்லையோ என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டுச் சிவப்பை டச்சு ரகத்தோடு சேர்த்து முளைக்கும் விதை எடுத்தவர்கள் எதைத் தாயாக வைத்தீர்கள்?