ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு கேள்வி: இனி எந்தக் காய்களை வீட்டில் போடாமல் விடலாம்?

கேள்வி – பல்லடத்திலிருந்து

வணக்கமுங்க. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது வளர்ப்புப் பைகளும், வீட்டின் பின்புறப் பொடக்காலியில் ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான செம்மண் பாத்தியும் இருக்கின்றன. விதைத்த நாள், முதற்காய் பறித்த நாள், பறித்த எடை ஆகியவற்றை மூன்று ஆண்டுகளாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்குவதற்கு முன், எவற்றை இனித் தொடவே கூடாது என்று முடிவு செய்துவிட விரும்புகிறேன்.

முதலாவது காலிஃபிளவர். தை மாதத்தில் ஐந்து பைகளில் நாற்று நட்டேன். மூன்று மாதங்களுக்கு மேல் அந்தப் பைகள் அதற்கே அடைபட்டுக் கிடந்தன. ஐந்தில் இரண்டுதான் பூக்கட்டின, அவையும் இறுகாமல் உதிரிச் சோறு போல விரிந்துவிட்டன. உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் அமிழ்த்தியபோது மிதந்து வந்த பச்சைப் புழுக்களை என் மகள் எண்ணத் தொடங்கினாள்; பதினொன்றோடு நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

வெண்டையில் நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆனால் ஆறு செடிகளில் இன்று மூன்று காய், ஒருநாள் விட்டு நான்கு காய் என்றுதான் கிடைத்தது. பொரியலுக்குச் சேரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால், நான்காம் முறை பறிக்கும்போது முதலில் பறித்தவை சுருங்கிக் கறுத்திருக்கும். பீன்ஸ் இலைகள் ஓரம் கருகிப் போயின. தையில் ஊன்றிய கொடி அவரை தண்ணீர்த் தொட்டி வரை ஏறியும், ஆவணி வரை ஒரு பூக்கூட வைக்கவில்லை, கோபத்தில் வெட்டிவிட்டேன். தக்காளியோ ஒவ்வோர் ஆடியிலும் காற்றில் பூவை உதிர்த்துவிடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, என் வீட்டில் எட்டுச் செடிகள் நின்றும் ஒரு காய் இல்லை.

இவற்றில் எதை விடுவது, எதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் – தொண்டாமுத்தூரிலிருந்து

அம்மணி, உங்கள் நோட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: தவறு காயினுடையதா, பட்டத்தினுடையதா? நீங்கள் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பட்டம் தவறியதால் வந்தவை.

அவரையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கொடி அவரை பகல் பொழுது சுருங்கத் தொடங்கிய பிறகே பூக்கும். அதனால்தான் ஆடியில் விதைத்து மார்கழி, தையில் பறிப்பார்கள். தையில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் அது இலையும் கொடியுமாகவே வளரும். ஆவணியில் வெட்டினேன் என்கிறீர்கள். இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்தால் தொட்டி முழுவதும் பூத்திருக்கும் என்பதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் இருக்கின்றன. அவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை, பந்தலும் கேட்பதில்லை.

தக்காளிக்கும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று எங்களை விட உங்கள் பக்கத்தை அதிகம் வாட்டும். பல்லடத்தைச் சுற்றி அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பவர்கள் காரணமில்லாமல் நடவில்லை. மாடியில் அந்தக் காற்று இரட்டிப்பாக அடிக்கும். ஆவணிக் கடைசியில் நாற்று விட்டு, காற்று ஓய்ந்த பிறகு நடுங்கள். பூக்கும் மாதம் ஆடியாக இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருள் நோய்தான் மீதிப் பாதி. சுருண்ட செடி தேறாது, தயங்காமல் பிடுங்கிவிடுங்கள்.

காலிஃபிளவரைப் புரட்டாசியில் நட்டு மார்கழியில் எடுத்தால் இறுகிய பூ கிடைக்கும், நானே எடுத்திருக்கிறேன். ஆனாலும் அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரு செடி, ஒரு பூ, மூன்று மாதம், அதற்குள் புழுவோடு தினமும் போராட்டம். அதே பையில் அந்த மூன்று மாதத்தில் சிறுகீரையை மூன்று முறை விதைத்துப் பிடுங்கியிருக்கலாம். கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு குளிராத ஊரில் உருளை கிழங்கு வைக்காமல் தழையாகவே நிற்கும். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அவை மூட்டை மூட்டையாக இறங்கும்போது, நாம் பல்லடத்து மாடியில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பதில் – காங்கேயத்திலிருந்து

மேலே எழுதியவர் சிறுவாணிச் சாரலுக்குப் பக்கத்தில் இருப்பவர் என்பதால், தண்ணீரைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பீன்ஸ் இலையின் ஓரம் கருகியது என்றவுடனே நான் ஆழ்குழாய்க் கிணற்றைத்தான் நினைத்தேன். உங்கள் பைகளின் வெளிப்புறத்தையும், தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு இருந்தால், பீன்ஸை இந்த ஜென்மத்தில் மறந்துவிடலாம். உப்பை அறவே தாங்காத காய்களில் அதுவும் ஒன்று. வெங்காயமும் கேரட்டும் அதே சாதி. பீட்ரூட் நன்றாகத் தாங்கும், தண்டுக்கீரை ஓரளவு தாங்கும்.

உப்பு தண்ணீரில் மட்டும் வருவதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னை நார்த்தூள் கட்டிகளைச் சரியாகக் கழுவாமல் பையில் போட்டால், அதிலிருந்தும் உப்பு இறங்கும். ‘லோ ஈசி’ (உப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். நான் முதல் ஆண்டு இதைச் செய்யாமல் பன்னிரண்டு பை பீன்ஸை இழந்தேன். ஐப்பசி மழையை இரண்டு பீப்பாயில் பிடித்து, அந்தத் தண்ணீரை மட்டுமே ஊற்றி மறு ஆண்டு நான்கு பைகளில் முயன்றபோது காய்த்தது. ஆனால் பீப்பாய் வற்றியதும் செடியும் முடிந்தது. அதற்குப் பதில் பொரியல் தட்டை (காய்க்கான தட்டைப்பயறு, காராமணி) போடுகிறேன். வெயிலும் வறட்சியும் தாங்குகிறது, எங்கள் தண்ணீரிலும் ஏதோ காய்க்கிறது, பொரியலுக்கும் ருசி குறைவில்லை.

எங்கள் ஊரில் நான் கைவிட்ட இன்னொன்று திறந்த பாத்தியில் மிளகாய் நாற்று. காரணம் பூச்சி அல்ல, மயில். விடிவதற்குள் வந்து நாற்றின் குருத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுகிறது. சட்டம் பாதுகாக்கும் பறவையாதலால், கைதட்டி விரட்டுவதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. வலை கட்டிய இடத்தில் மட்டுமே மிளகாய் என்று முடிவாகிவிட்டது.

பதில் – கோபிச்செட்டிபாளையத்திலிருந்து

வெண்டையை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு வேளைப் பொரியலுக்கு அரைக் கிலோ வேண்டும், அதாவது முப்பது காய்க்குக் குறையாமல் ஒரே காலையில் கிடைக்க வேண்டும். ஒரு செடி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு காய் தரும் என்று வைத்துக்கொண்டால், ஆறு செடி எந்தக் காலத்திலும் போதாது. ஆகவே வெண்டை என்றால் முப்பது செடி, அல்லது ஒன்றும் வேண்டாம். இடையில் எந்த எண்ணிக்கையும் ஃபிரிட்ஜில் வாடும் காயைத்தான் தரும். நான் வாய்க்கால் ஓரத்துப் பாத்தியில் நாற்பது விதை ஊன்றுகிறேன்; மஞ்சள் நரம்பு நோய் வந்து பத்துச் செடி போனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

எந்தக் காயானாலும் என் கேள்வி இதுதான்: ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் அளவு ஒரே நாளில் கிடைக்கிறதா? கத்தரி நான்கு செடி இருந்தால் கிடைக்கிறது. வாடிய குருத்தைக் கண்டவுடன் புழுவோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுண்டை, மிளகாய், கறிவேப்பிலை போன்றவை கொஞ்சமே போதும் என்பதால் ஒற்றைச் செடியே கட்டுப்படியாகும். அரசாணிக்காய் (பரங்கிக்காய்) இதற்கு நேர்மாறு: ஒரு கொடி பாத்தி முழுவதையும் விழுங்கிவிட்டு மூன்று காய் தரும், ஒரு காயைத் தீர்ப்பதற்கே தெருவில் நான்கு வீடுகளுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். வேலியோரம் இருந்தால் போடுங்கள், ஒரு சென்ட் பாத்தியில் வேண்டாம். கோவைக்காயைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒரு தண்டு ஊன்றினால் பிறகு நீங்கள் வேண்டாம் என்றாலும் அது விடாது.

கேட்டவரின் பதில் – பல்லடம்

எல்லாருக்கும் நன்றிங்க. மூன்று பதில்களையும் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். மாடிக்குப் போய்ப் பைகளைப் பார்த்தபோது, அடித்துளைகளைச் சுற்றி வெள்ளைப் படிவு நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் அளவுக்கு இருந்தது. பட்டியலிலிருந்து பீன்ஸை அடித்துவிட்டேன். காலிஃபிளவர், கேரட் ஆகியவற்றையும் அடித்தாயிற்று. அவற்றை இனி உழவர் சந்தையில் வாங்கிக்கொள்வோம். வெண்டையை மாடியிலிருந்து இறக்கி, பாத்தியில் பாதியை அதற்கே கொடுக்கப் போகிறேன். தக்காளி நாற்று ஆவணி கடைசிக்குத் தள்ளிப் போகிறது.

கணக்கில் தோற்றும் நான் விடாத ஒரே காய் பாகல். பிஞ்சிலேயே பழ ஈ குத்திவிடுகிறது, பத்துப் பிஞ்சில் நான்கு மஞ்சளாகிக் கோணிக்கொள்கின்றன. ஆனாலும் என் மாமியார், “பாவக்கா மட்டும் ஊட்டுதுதான் வேணும் சாமி” என்று சொல்லிவிட்டார். கடைக் காயில் கசப்பு சரியில்லையாம். கருவாட்டுப் பொறி வைத்தும், பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டியும் பார்க்கிறேன்.

அவரை விதை நோட்டின் அட்டைக்குள் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இம்முறை ஆடி பதினெட்டுக்கு ஊன்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியை அது எத்தனை முறை சுற்றினாலும், கார்த்திகை வரை அரிவாளை எடுப்பதாக இல்லை.