கவ்வுமிதியா, பூட்டுமிதியா? ஒரு கலைச்சொல் விவாதம்

அனுப்புநர்: சைக்கிள் கடை, சுங்கை சிப்புட், மலேசியா
பொருள்: கிளிப்லெஸ் பெடலுக்குத் தமிழ்

ஐயா, வணக்கம்.

நம் சைக்கிள் பராமரிப்புக் கையேட்டில், சப்பாத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்லெஸ் பெடல் பகுதி மட்டும் பாக்கி. வரைவில் ‘கொக்கியில்லா மிதி’ என்று கிடக்கிறது. பழைய ரேஸ் சைக்கிளில் கால்நுனியைச் செருக ஒரு கம்பிக்கூடும் மேலே தோல்வாரும் இருக்கும். அந்தக் கூடு (கிளிப்) இல்லாத பெடல் என்பதால் ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் வந்தது. நம் பிள்ளைகள் அந்தக் கூட்டையே பார்த்ததில்லை. தலைப்பில் கொக்கி இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘கொக்கியை மாட்டு’ என்றால் எவன் நம்புவான்?

என் முன்மொழிவு: பெடலுக்குப் பூட்டுமிதி. சப்பாத்தின் அடியில் திருகும், பெடல் கவ்விப் பிடிக்கும் சிறு துண்டான கிலீட்டுக்கு நாக்கு.

அனுப்புநர்: தமிழாசிரியர், பணி ஓய்வு

> பெடலுக்குப் பூட்டுமிதி

தம்பி, ‘பூட்டுமிதி’ என்றால் திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்ட பெடல் என்று படிப்பார்கள். பூட்டு, சாவி போட்டால்தான் திறக்கும். இதுவோ காலைத் திருப்பினாலே விட்டுவிட வேண்டிய பொருள். கவ்வும், விடும். ஆகவே கவ்வுமிதி.

நாக்கு வேண்டாம். சப்பாத்துக்கு ஏற்கனவே கயிற்றுக்கு அடியில் ஒரு நாக்கு இருக்கிறது. ‘அடிநாக்கு’ என்று மாற்றினால் தொண்டைக்குப் போய்விடும். அடிமுளை என்று வைப்போமா? முளை, நிலையாக ஓரிடத்தில் இறுக்கியது. இன்னொன்று வந்து அதைப் பற்றிக்கொள்ளும்.

அனுப்புநர்: சைக்கிள் கடை, சுங்கை சிப்புட்

கவ்வுமிதி, அடிமுளை, இரண்டும் சரி ஐயா. ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ‘ஃபுளோட்’. வரைவில் அதற்கு ‘ஆட்டம்’ என்று போட்டிருக்கிறோம். கடையில் பெடல் ஆடுது என்றால் பேரிங் போச்சு என்று அர்த்தம். ஃபுளோட் பழுது இல்லை. கவ்விய பிறகும் குதிகால் இடமும் வலமும் கொஞ்சம் திரும்புவதற்காக வேண்டுமென்றே விட்ட இடம். அது இல்லாவிட்டால் முட்டி வலிக்கும். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகைப் பெடலில் ஏறக்குறைய 4 பாகை, இன்னொரு நிறுவனமான கிராங்க்பிரதர்ஸின் வழக்கமான முளையில் 6 பாகை. அதையும் தாண்டித் திருப்பினால் கவ்வி விடும். கிராங்க்பிரதர்ஸில் விடும் கோணம் 15 அல்லது 20 பாகை. இடது முளையையும் வலது முளையையும் மாற்றிப் போட்டால் ஒன்று மற்றதாகிவிடும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்: நெகிழ்கோணம், விடுகோணம். ‘ஆட்டம்’ பழுதுக்கு மட்டும். கிராங்க்கை (பெடல் மாட்டிய தண்டை) ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிதியை மறு கையால் மேலும் கீழும் அசைக்க வேண்டும். ‘டொக்’ என்றால் ஆட்டம்.

தேய்மானத்தைப் பற்றியும் எழுதவேண்டும், அங்கேதான் இந்தச் சொற்கள் வேலை செய்யும். எஸ்பிடியின் முளை எஃகு. முன்கவ்வி அசையாது, பின்கவ்வியைச் சுருள்வில் தள்ளும். வில்லின் இறுக்கத்தைப் பெரும்பாலான மாடல்களில் 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) மாற்றலாம். உள்ளே குண்டும் கூம்பும் உள்ள பேரிங். கழற்றி, கிரீஸ் மாற்றி, ஆட்டத்தை எடுக்கலாம். அதனால்தான் பல வருடம் உழைக்கிறது. அதன் எதிரி செம்மண். மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்து மண்சடக்கில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால், முளையைச் சுற்றிக் களிமண் கெட்டிப்பட்டுவிடும். மிதித்தால் பின்கவ்வி பாதிதான் மூடும். மாட்டிவிட்டது போலவே இருக்கும், ஏற்றத்தில் இழுக்கும்போது கழன்றுவிடும்.

கிராங்க்பிரதர்ஸின் எக்பீட்டர் என்ற பெடலில் நான்கு பக்கமும் திறந்திருப்பதால் மண் தானே உதிரும். ஆனால் முளை பித்தளை, எஃகைவிட மெது. வில்லின் இறுக்கத்தை மாற்ற வழியில்லை. உள்பக்கம் பேரிங்குக்குப் பதில் ஒரு புஷ் (குண்டில்லாத வழுக்குக் குழல்). அது தேய்ந்தால் ஆட்டம், புதிது போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. தோட்டத்துச் சடக்கில் வாரம் முழுக்க ஓட்டுகிறவருக்கு நான் எஸ்பிடிதான் சொல்வேன், கூடவே மண் கிளற ஒரு குச்சியும்.

அனுப்புநர்: பாலிடெக்னிக் மாணவர்

அண்ணே, மரை பற்றியும் ஒரு வரி சேருங்கள். இடது பெடல் கிராங்கில் இடமரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை) என்று எல்லாருக்கும் தெரியும். எஸ்பிடியின் அச்சுக்கூட்டை மிதியிலிருந்து எடுக்கும்போது அது நேர் எதிர்: வலது மிதியில்தான் இடமரை. தெரியாமல் திருகினால், பிளாஸ்டிக் கழுத்து உள்ள மாடல்களில் பல் மழுங்கிவிடும். அப்புறம் அச்சு வெளியே வராது.

அனுப்புநர்: பனிச்சறுக்குக் கருவிப் பட்டறை, இன்ஸ்புருக், ஆஸ்திரியா (சொந்த ஊர் சுங்கை சிப்புட்தான்)

ஐயா, அண்ணே, வணக்கம். சொல்லை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள். இந்தப் பெடலின் தாய்வீடு பனிச்சறுக்கு. பிரான்சின் நெவேரில் 1951-இல் தொடங்கிய லுக் நிறுவனம் முதலில் செய்தது சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங். அந்த அறிவை வைத்து 1984-இல் பெடல் கொண்டுவந்தார்கள். 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடுதான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஷிமானோ எஸ்பிடி 1990-இல் வந்தது.

பைண்டிங்கை ‘பிணைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேதியியலில் அந்தச் சொல் பிடித்துக்கொண்டாயிற்று. அதோடு, இதன் முக்கிய வேலை பிணைப்பதில்லை. எலும்பு முறியும் முன்னே விடுவது. முன்பகுதி பக்கவாட்டில் விடும், குதிப்பகுதி மேல்நோக்கி விடும். அதனால் பைண்டிங், பெடல் இரண்டுக்கும் பொதுவாக விடுகவ்வி என்று வைத்து, பெடலில் இருப்பது கவ்வுமிதி என்று பிரித்தால் என்ன? பைண்டிங் எவ்வளவு விசையில் விடும் என்று காட்டும் டின் எண்ணுக்கு விடுவிசை எண். எடை, உயரம், வயது, ஓட்டும் திறமை, பூட்ஸ் அடிநீளம் எல்லாம் பார்த்து அட்டவணையில் எடுக்கும் எண் அது.

இங்கே கெடுவது எது என்றால், வில் அரிதாகத்தான். பூட்ஸின் நுனிக்கு அடியில் ஒரு வழுக்குத் தகடு இருக்கும், பூட்ஸ் பக்கவாட்டில் நழுவ. அதில் மணல் ஏறினாலோ கீறல் விழுந்தாலோ, எண் 7 என்று காட்டினாலும் விடுவதற்கு அதைவிட அதிக விசை கேட்கும். காரின் கூரையில் உறையில்லாமல் கட்டிப் போனால் சாலை உப்புத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும்; பழுது கொண்டுவருகிறவர் வில்லைத்தான் குறை சொல்வார். அடுத்தது திருகாணி. உலோகத்தகடு உள்ள பலகைக்கு 4.1 மில்லிமீட்டர் துளை, இல்லாததற்கு 3.5. மாறிப்போனால் ஒன்றில் தகடு பிதுங்கும், மற்றதில் திருகாணி பிய்த்துக்கொண்டு வரும். திருகுவது போசிட்ரைவ் 3 என்ற ஸ்குரூடிரைவர் முனையால். பிலிப்ஸ் முனையைப் போட்டால் தலை மழுங்கும்.

மலையேறுகிறவர்கள் வாங்கும், பூட்ஸின் நுனியை இரு பக்கமும் ஊசியால் பிடிக்கும் ஊசி வகைதான் விலை உயர்ந்தது. அங்கே கொடுக்கும் காசு கிராமைக் குறைக்க, உழைப்பைக் கூட்ட அல்ல. கனமான உலோகக் குதி உள்ள போட்டி வகை அதைவிட நின்று உழைக்கும். ஊசி வகையில் முன்கவ்வியின் அடியில் பனி இறுகினால் கைகள் முழுதாக மூடாது, ஊசி பூட்ஸின் குழியில் பாதியே உட்காரும். அண்ணன் சொன்ன செம்மண் கதைதான், நிறம் வெள்ளை. இப்படி வேளைகெட்ட நேரத்தில் விட்டுவிடுவதற்கு ஒரு சொல் வேண்டும். ‘அகால விடுப்பு’?

அனுப்புநர்: தமிழாசிரியர், பணி ஓய்வு

விடுப்பு என்றால் லீவு தம்பி. அகால விடுப்பு என்று எழுதினால் பள்ளிக்கு மட்டம் போட்ட கணக்காகிவிடும். பொய்விடுகை என்று வைக்கலாம். விடுகவ்வி எனக்குச் சம்மதம்.

அனுப்புநர்: சைக்கிள் கடை, சுங்கை சிப்புட்

பொய்விடுகை நன்று. அதற்கு எதிர்ப்பழுதுக்கும் பெயர் வேண்டும் ஐயா, ஏனென்றால் ஆபத்து அதில்தான் கூடுதல்: விடவே விடாமல் நிற்பது. இப்போதைக்கு விடாப்பிடி என்று எழுதிவைத்து, கையேட்டுப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். திருத்துங்கள்.

“அடிமுளையைச் சப்பாத்தில் பிடிப்பவை இரண்டு எம்5 திருகாணிகள். 4 மில்லிமீட்டர் ஆலன் கீ, முறுக்குவிசை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். மாட்டும் முன் மரையில் கிரீஸ் தடவவும். இல்லாவிட்டால் துருப்பிடித்து, கழற்றும்போது தலை மழுங்கும். ஒரு திருகாணி விழுந்துவிட்டால் விடாப்பிடி ஏற்படும்: காலைத் திருப்பும்போது முளை மற்றத் திருகாணியைச் சுற்றிச் சப்பாத்தின் அடியில் தனியே திரும்பும், விடுகோணத்தை எட்டாது. இழுக்க வேண்டாம். சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி, சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, காலை மட்டும் வெளியே எடுக்கவும். பிறகு பின்கவ்வியைத் தட்டை ஸ்குரூடிரைவரால் பின்னே நெம்பிச் சப்பாத்தை எடுக்கலாம். முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டு திருகாணிகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவும்.”