கல்வெட்டைப் படமெடுக்க 20,000 ரூபாய்க்குள் எந்தக் கேமரா வாங்கலாம்?

செங்கத்து டீச்சர்:
வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். செங்கம் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விடுமுறை நாட்களில் அவற்றையும், எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அதிட்டானத்தில் (சுவருக்குக் கீழுள்ள அடித்தளத்தில்) ஓடும் கல்வெட்டையும் படமெடுத்து வந்து, வீட்டில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பது என் வழக்கம். கைப்பேசிப் படங்கள் திரையில் பளிச்சென்று இருக்கின்றன. பெரிதாக்கினால் கல் மெழுகு பூசியதுபோல வழவழப்பாகி எழுத்து கரைந்துபோகிறது. மண்டபத்து இருட்டில் கேட்கவே வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது.

கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் போனால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். கடையில் ஒரு சின்னக் கேமராவைக் காட்டி, புதியது, 48 மெகாபிக்சல் என்றார்கள். வாங்கலாமா?

பழைய லென்ஸ்:
வேண்டாம், டீச்சர். பெயர் தெரியாத கேமராக்களில் அந்த 48 பெரும்பாலும் அட்டைப் பெட்டியோடு சரி. இருக்கும் புள்ளிகளுக்கு இடையே புள்ளிகளை இட்டு நிரப்பி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். சின்னக் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் சென்சாரின், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லின், பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். நிக்கானின் விலை குறைந்த டிஎஸ்எல்ஆரில்கூட (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா) அது 360-க்கு மேல். இருட்டு மண்டபத்தில் அந்த வித்தியாசம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

உங்கள் தொகைக்குப் பழைய டிஎஸ்எல்ஆர்தான் சரி. நிக்கான் டி3300 (2014), டி3400 (2016), கேனான் 1300டி (2016) ஆகியவற்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் எடுங்கள். பெரிய ஜூம் லென்ஸ் உங்களுக்குத் தேவையில்லை, கல்வெட்டு பறந்துபோகாது. கூடவே வரும் 18-55 (மில்லிமீட்டர்) லென்ஸ் போதும்.

கல்லெழுத்து:
கேமரா இருக்கட்டும். டீச்சர், நீங்கள் சொன்ன குறையில் பாதி வெளிச்சத்தின் குறை. வெட்டெழுத்து கண்ணுக்குத் தெரிவதே அதன் பள்ளத்தில் விழும் நிழலால்தான். ஃபிளாஷ் நேராக அடித்து அந்த நிழலை அழித்துவிடுகிறது. ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒளி எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் ஓடும் கீற்றுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் கொடுத்தால் படுக்கைக் கோடுகள் மறைந்துவிடும். கேமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மேல், கீழ், இடம், வலம் என்று மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். அதற்கு முக்காலி வேண்டும். ஆகவே 20,000-இல் முதல் செலவு முக்காலியும் டார்ச்சும், மிச்சத்தில் கேமரா.

இன்னொன்று. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று மாவு தடவுவது, சுண்ணாம்பு பூசுவது, எண்ணெய் தேய்ப்பது எதுவும் வேண்டாம். நானே இளவயதில் செய்த பாவம் அது.

ஊர்சுற்றி:
இவ்வளவு எதற்கு? அந்தப் பணத்துக்கு இன்னும் நல்ல கைப்பேசி வாங்கினால் பேசவும் ஆகும், படமெடுக்கவும் ஆகும்.

கல்லெழுத்து:
முகத்தை அழகாக்கத் தெரிந்த கைப்பேசி கல்லையும் அழகாக்கப் பார்க்கிறது, ஐயா. சொரசொரப்பான பரப்பைக் குறை என்று நினைத்து மழுங்கடித்துவிடுகிறது. நமக்கு வேண்டியதே அந்தச் சொரசொரப்புதான்.

செங்கத்து டீச்சர்:
இருவருக்கும் நன்றி. தெரிந்தவர் ஒருவர் நிக்கான் டி3200 பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஏஎஃப்-பி 18-55 லென்ஸையும் சேர்த்து 11,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அவர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். படம் தெளிவாக விழவே இல்லை. லென்ஸ் வளையத்தைத் திருப்பினாலும் மாற்றமில்லை. கேமரா பழுதா?

பழைய லென்ஸ்:
பழுது இல்லை, பொருந்தாத ஜோடி. ஏஎஃப்-பி லென்ஸில் குவியத்தை நகர்த்துவது உள்ளே இருக்கும் மோட்டார். வளையம் அந்த மோட்டாருக்குக் கட்டளை மட்டுமே கொடுக்கிறது. டி3200 2012-இல் வந்தது, அந்த வகை லென்ஸ் பிறகு வந்தது. அந்த உடலுக்கு அதை இயக்கத் தெரியாது. டி3300-இல் மென்பொருளைப் புதுப்பித்தால் வேலை செய்யும். டி3400-க்கு அந்தக் கவலையே இல்லை. டி3200-தான் வேண்டுமென்றால் ஏஎஃப்-எஸ் 18-55 லென்ஸ் கேளுங்கள். ஏஎஃப்-டி என்று இருக்கும் பழைய லென்ஸ்களையும் தவிருங்கள்; இந்த உடல்களில் அவை தானாகக் குவியாது.

எதை வாங்கினாலும் லென்ஸைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு லென்ஸின் துளையை எஃப்16 அளவுக்குச் சிறிதாக்கி வானத்தைப் படமெடுத்துப் பார்த்தால் சென்சாரின் தூசி தெரிந்துவிடும். நிக்கான் என்றால் எடுத்த படக் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பது) பதிவாகியிருக்கும், அதையும் பாருங்கள்.

செங்கத்து டீச்சர்:
பிழைத்தேன். அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் பொறுமையில்லாமல், நேற்று மாலை கைப்பேசியைச் செங்கல் அடுக்கில் சாய்த்து வைத்து, மகனிடம் டார்ச்சைக் கொடுத்துக் கோயிலில் எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து ஒளி விழுந்த படத்தில், நான் இரண்டு ஆண்டாக ரகரம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த எழுத்தில் ஒரு குறுக்குக்கோடு தெரிந்தது. அது ககரம்! ஒரு பெயரே மாறுகிறது. அதிட்டானத்தில் புடைத்து நிற்கும் குமுதத்தின் வளைவில் இருக்கும் வரிகள் மட்டும் இன்னும் ஓரத்தில் மங்குகின்றன.

கல்லெழுத்து:
உருண்டையான உருள்குமுதம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஒரே படத்தில் முழு உயரத்தையும் பிடிக்காதீர்கள். முக்காலியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் நேரெதிரே வைத்து எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். கேமரா வந்ததும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துளை எஃப்8, இரண்டு நொடி டைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் அதிர்வு தடுக்கும் விசை இருந்தால் முக்காலியில் அதை அணைத்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

முக்காலியோடு போகும் முன் அனுமதி வாங்குங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம்; மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருந்தால் அவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

செங்கத்து டீச்சர்:
செயல் அலுவலர் என் பழைய மாணவியின் அப்பா. மனு எழுதிவிட்டேன். டி3400 ஒன்று 14,500 ரூபாய் சொல்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு பார்க்கப் போகிறேன்.