கோட்டயம்–ஆலப்புழை படகு: முழங்கால் வலிக்கும் அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

அல்சூர்வாசி:
அம்மாவுக்கு 67 வயது. பெங்களூரில் எங்கள் அல்சூர் ஏரியைத் தாண்டும்போதெல்லாம் "ஒரு நாள் தண்ணியிலேயே போகணும்டா" என்பார். போன வருஷம் ஆலப்புழையில் படகுவீடு எடுத்து ஏமாந்தோம். மதியம் ஏறினோம், சாயங்காலமே கரையில் கட்டிவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் சத்தம். வேறு வழி உண்டா? எனக்குக் கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

கே.ஆர்.புரம் பயணி:
சாயங்காலம் கட்டியது ஏமாற்று இல்லை. ராத்திரி மீனவர்கள் வலை போடுவதால் எல்லாப் படகுவீடும் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஜெனரேட்டருக்கு என்னிடம் சமாதானம் இல்லை!

பெங்களூரு–கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் கோட்டயம். கோடிமதா படகுத்துறையிலிருந்து ஆலப்புழைக்கு அரசுப் படகு, இரண்டரை மணி நேரம். டிக்கெட் நம்ம ஊர் மசால் தோசையைவிட மலிவு.

முதலில் வருகிற கால்வாய்தான் அழகு. கரை அவ்வளவு பக்கம். ஒரு அம்மா வீட்டுப் படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். படகின் அலை வந்ததும் தலையை நிமிர்த்தாமலே சோப்பு டப்பாவை மட்டும் ஒரு படி மேலே வைத்தார். குறுக்கே சின்னத் தூக்குப் பாலங்கள். படகு வந்தால் கயிற்றை இழுத்துத் தூக்குகிறார்கள். அப்புறம் குட்டநாடு. வயல் கடல் மட்டத்துக்கும் கீழே, நாம் போகிற தண்ணீர் அதற்கு மேலே. ஜன்னலிலிருந்து நெல்லைக் குனிந்து பார்க்கவேண்டும்.

கோட்டயத்து மருமகள்:
இப்போது எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருந்தாலும் வருஷா வருஷம் போகிறேன். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் படகு கோடிமதாவுக்கு வராது, காஞ்ஞிரம் துறையிலிருந்து கிளம்பும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு எட்டு எடுத்து வைக்கவேண்டும். ஊழியர்கள் கை கொடுப்பார்கள்.

ஆலப்புழையில் இறங்கியதும் கால்வாய் ஓரமாகவே கடற்கரைக்கு நடக்கலாம், மேடு பள்ளம் இல்லை. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குச் சரக்குப் போக வெட்டிய கால்வாய் அது. அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். 1862-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் நீங்கள் ஏறும்போது அவர் கீழேயே உட்காரட்டும், படி செங்குத்து. மறுநாள் நீங்கள் மட்டும் பக்கத்து ஊரான முகம்மாவிலிருந்து வேம்பநாட்டு ஏரியில் இருக்கும் பாதிராமணல் தீவுக்குப் போங்கள். மரங்களுக்குள் நடைபாதை, பறவைகள், கூடவே கொசு.

அல்சூர்வாசி:
நன்றி. அம்மாவிடம் எல்லாம் படித்துக் காட்டினேன். "ரயிலில் கீழ் பெர்த் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.