மூணாறில இருந்து ஆலப்புழா வரை சைக்கிள், நடை, கயாக்: மட்டக்களப்பில இருந்து போன ஆக்கள் இருக்கிறீங்களா?

கல்லடி_துடுப்பு எழுதியது:

வணக்கம். வாற வருஷத் தொடக்கத்தில நானும் மச்சானும் மச்சான்ட மகளும் (உயர்தரம் எழுதி முடிச்சிருவா) கேரளாப் பக்கம் போற யோசனை. கோயில் குளம், சேலைக்கடை எண்டு போற பயணம் இல்ல. கொச்சியில இறங்கி மூணாறு, அடுத்து தேக்கடி, பிறகு கீழ ஆலப்புழா. கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் காட்டு நடை, கடைசியில கயாக்.

அங்க உள்ள ஒரு கம்பனி ஒரு கிழமைக்கு அட்டவணை அனுப்பியிருக்கு. விடிய நடை, மத்தியானம் சைக்கிள், மறுநாள் மலை, அண்டைக்குப் பின்னேரமே திரும்ப சைக்கிள். மச்சானுக்கு அதைப் பார்த்து நல்ல புளுகம். எனக்கு வாசிக்கும்போதே முழங்கால் நோகுது.

எங்கட நிலைமை இதுதான். சைக்கிள் தினமும் ஓடுறம். ஆனா களுவாஞ்சிக்குடி மட்டும் போய் வந்தாலும் ஏற்றம் எண்டு சொல்ல கல்லடிப் பாலம் ஒண்டுதான். வாவியில கயாக் போட்டுப் பழக்கம் இருக்கு. அதனால ஆலப்புழாவுக்குக் காசு குடுத்துப் போகத்தான் வேணுமா எண்டும் ஒரு யோசனை.

எந்த மாசம் நல்லம்? சைக்கிளை இஞ்ச இருந்து கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்கிறதா? மலைக்கு எப்பிடிப் பழகிறது? போன ஆக்கள் யாரும் இருந்தாச் சொல்லுங்க.

---

திருக்கோவில்_டீச்சர் எழுதியது:

தம்பி, நான் உடற்கல்வி படிப்பிச்சு ஓய்வு பெற்ற ஆள். இந்தப் பாதையால போய் வந்திருக்கிறன். நீட்டித்தான் எழுதுவன், தேத்தண்ணியை ஊத்தி வச்சிட்டு வாசிங்க.

முதல் அந்த அட்டவணையைத் திருப்பி அனுப்புங்க. நடையையும் சைக்கிளையும் ஒவ்வொரு நாளும் கலந்து வச்சா விளம்பரத்துக்கு நல்லாயிருக்கும், காலுக்கு நல்லதில்ல. மலை ஏறும்போது மூச்சு வாங்கும், நிண்டு ஆறினாச் சரியாகிரும். தொடைக்கு வேலை இறங்கும்போதுதான். தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின்ட பாரத்தைத் தாங்குது. அந்த நோவு அண்டைக்குக் காட்டாது. மறுநாள் தொடங்கி, அதுக்கு அடுத்த நாள் கதிரையில இருந்து எழும்பக் கைப்பிடி தேடுவீங்க. அந்தக் காலோட மலை வளைவில பிரேக் பிடிச்சு சைக்கிள் இறக்கப் போகாதீங்க. நடை முடிய ஒரு நாள் சும்மா இருந்து மூணாறுச் சந்தையைச் சுத்துங்க. பிறகு சைக்கிளில கீழ வாங்க. கயாக்கைக் கடைசிக்கு வைங்க, அதில தோளும் இடுப்பும்தான் உழைக்கும், காலுக்கு ஓய்வு. கம்பனிக்காரர் நேரம் வீண் எண்டு சொல்லுவார். சொல்லட்டும்.

மாசத்துக்கு வாறன். பொங்கல் பொங்கிட்டுப் போங்க. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் மட்டும் அங்க தென்மேற்குப் பருவமழை கொட்டும், ஒக்டோபர், நவம்பரிலயும் விடாது. எங்கட பக்கம் மாரி அடிச்சு வயலெல்லாம் வெள்ளமாக் கிடக்கிற மார்கழி, தையில அங்க வானம் வெளிச்சிரும். ஆனா மார்கழியில சைக்கிளோட போகாதீங்க. நவம்பர் நடுவில இருந்து ஜனவரி 14 போல வாற மகரவிளக்கு மட்டும் சபரிமலைக்குப் போற தமிழ்நாட்டு வாகனங்கள் கம்பம், தேக்கடிக்குப் பக்கத்தில உள்ள குமுளி வழியாலதான் சாரிசாரியா வரும். இரவிரவா நித்திரை முழிச்சு ஓடி வாற சாரதிக்கு முன்னால நீங்க வளைவில நிக்க வேணாம். பெப்ரவரி பிறந்தா இரவிகுளம் தேசியப் பூங்காவை வழமையாப் பூட்டிருவாங்க, மார்ச் முடியிற வரைக்கும். வரையாடு எண்ட காட்டு மலையாடு குட்டி போடுற காலம் அது. ஆக, உங்களுக்குக் கிடைக்கிறது ஜனவரியின்ட பின்பாதி. இப்பவே பதியுங்க.

உயரத்துக்குப் பயப்பட ஒண்டுமில்ல. மூணாறு டவுன் 1500 மீற்றர் அளவு, நுவரெலியா அதை விட உயரம். குளிருக்குத்தான் ஆயத்தமாப் போகவேணும். ஜனவரியில சில விடியலில புல்லில உறைபனி பிடிக்கும். எங்கட ஆக்கள் ஒரு சால்வையோட போய் நடுங்கிறதைப் பார்த்திருக்கிறன்.

முதல் நாள் மாட்டுப்பெட்டி, குண்டளை பக்கம் சைக்கிள் ஓடுங்க. தேயிலைக்குள்ளால ஏறி இறங்கிப் போற தெரு, கடைசியில டாப் ஸ்டேஷன், மூணாறில இருந்து 32 கிலோமீற்றர். முழுசாப் போகவேணும் எண்டில்ல, களைச்ச இடத்தில கிறுகி வாங்க. இந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கில ஒரு காலத்தில தேயிலை ஏத்த ரயிலே ஓடினது. 1924 வெள்ளத்தில எல்லாம் அள்ளுப்பட்டுப் போயிற்று. அதே வருஷம்தான் எங்கட பழைய கல்லடிப் பாலம் திறந்தது. தோட்டத்தில வேலை செய்றது பெரும்பாலும் தமிழ் ஆக்கள். ஒரு லயத்துக்கு முன்னால தண்ணி கேட்டு நிண்டம். அந்த அம்மா உள்ள இருந்த பேரனைக் கூப்பிட்டு, "இவங்க பேசுறதைக் கேளுடா" எண்டு எங்களைத் திருப்பித் திருப்பிப் பேச வச்சா. தண்ணி வர நேரம் போயிற்று.

நடைக்கு ஆனைமுடியைக் கேட்காதீங்க. 2695 மீற்றர், தென்னிந்தியாவில அதை விட உயரமான மலை இல்ல, ஆனா சும்மா போற ஆக்களை ஏற விடமாட்டாங்க. இரவிகுளம் பூங்காவில உள்ள ராஜமலைக்கு வனத்துறை பஸ்ஸில போய் தார்ப்பாதையில நடக்கலாம், வரையாடு கிட்ட நிண்டு மேயும். அதை மலையேற்றம் எண்டு அட்டவணையில போட்டிருந்தாங்கள் எண்டா வெட்டி விடுங்க, அது பிள்ளைகளும் போற இடம். மெய்யா நடக்கவேணும் எண்டா மீசைப்புலிமலை, 2640 மீற்றர். கேரள வன அபிவிருத்திக் கழகத்தில பதிஞ்சு, அவங்கட வழிகாட்டியோட போகவேணும். மலை முதுகெல்லாம் வெறும் புல்லு, மடிப்புகளுக்குள்ள மட்டும் குள்ள மரங்கள் நெருங்கின சோலைக்காடு. நிழல் கிடையாது, தொப்பி வேணும்.

அனுமதிச் சீட்டைக் கண்ணால பார்க்காம ஒருவரோடயும் காட்டுக்குள்ள கால் வைக்காதீங்க. 2018 மார்ச்சில அதே மலைத்தொடரில, தேனிப் பக்கம் குரங்கணியில, நடக்கப் போன ஆக்கள் காட்டுத்தீயில அகப்பட்டு 20 பேருக்கு மேல செத்தாங்க. காய்ஞ்ச மலைப்புல்லு பத்தினா மனிசன் ஓடி முந்த ஏலாது. அதுக்குப் பிறகுதான் பிடி இறுகினது. தமிழ்நாட்டுப் பக்கம் 2024 ஒக்டோபரில இருந்து வனத்துறையே 40 பாதைகளை ஒன்லைனில பதிய விட்டிருக்கு.

மூணாறில இருந்து குமுளிக்கு வேனில போங்க. அந்த வழியில சின்னக்கானல் வரும். கடை உடைச்சு அரிசி தின்னுது எண்டு 2023 ஏப்ரலில மயக்க ஊசி போட்டுப் பிடிச்ச அரிக்கொம்பன் யானையின்ட ஊர். அவனைப் பெரியாறுக் காட்டில கொண்டு விட்டா, அடுத்த மாசமே மலை இறங்கிக் கம்பம் டவுனுக்குள்ள வந்து நிண்டான். அவன் இப்ப அங்க இல்ல, சொந்தக்காரர் இருக்கினம். யானையோட மல்லுக்கட்டுற வெல்லாவெளி, போரதீவு ஆக்களுக்கு நான் இதுக்கு மேல விளக்கத் தேவையில்ல.

சைக்கிளை இறக்குங்க எண்டு நான் சொல்ற இடம் குமுளிக்குக் கீழதான். குட்டிக்கானம் மட்டும் ஏற்ற இறக்கம், பிறகு முண்டக்கயம் மட்டும் ஒரே இறக்கம். மேல தேயிலையும் ஏலமும், கீழ வரவர றப்பர். காதடைக்கும், போட்ட உடுப்பு ஒவ்வொண்டாக் கழரும். கோட்டயத்தில இருந்து ஆலப்புழாவுக்கு அரசாங்கப் படகு ஓடுது, சைக்கிளை ஏத்துவீங்களா எண்டு கேட்டுப் பாருங்க.

பழகிறதுக்கு மலை இல்லையெண்டு கவலைப்படாதீங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் கழிய, காத்துக்கு எதிர பாரமான கியரில ஓடுங்க, தொடைக்கு அதுவும் ஏற்றம்தான். போக முதல் ஒருக்கா செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவையால மகியங்கனைக்குப் போய் 18 வளைவு மலைத்தெருவை ஏறி இறங்குங்க. மச்சான்ட புளுகம் எவ்வளவு நேரம் நிக்குது எண்டு அங்க தெரியும்.

---

வாகரை_தோணி எழுதியது:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. நான் கயாக்குக்கு மட்டும் வாறன். அண்ணே, வாவியில பழகினா ஆலப்புழா தேவையில்ல எண்டு நினைக்காதீங்க. எங்களுக்குப் பிரச்சினை காத்து. அங்க பிரச்சினை வீட்டுப்படகு. புன்னமடைப் பக்கம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும், அலை ரெண்டு கரையிலயும் பட்டுத் திரும்பி வந்து கயாக்கைப் பக்கவாட்டில தூக்கும். பின்னேரம் ஐந்தரை போல அதுகளைக் கட்டிருவாங்க, மீனவர் வலை போடுற நேரம். விடியப்புறத்தில அதுகள் கிளம்ப முதல் இறங்கினீங்க எண்டா முழு வாய்க்காலும் உங்கட. கைனகரிப் பக்கத்துச் சின்ன வாய்க்காலுகளில வீட்டுப்படகு நுழையாது, அங்க கூட்டிப் போகச் சொல்லுங்க. பெரிய ஏரி வேம்பநாட்டை நடுவால வெட்டிப் போற ஆசை வேணாம்.

வயல் தெரிஞ்ச ஆளுக்கு ஆலப்புழாவைச் சுத்தின குட்டநாடு வேற மாதிரி இருக்கும். நீங்க துடுப்புப் போடுற தண்ணி மேல நிக்கும், வரம்புக்கு அங்கால வயல் கீழ கிடக்கும், கடல் மட்டத்தை விடப் பள்ளத்தில. கயாக்கில இருந்தபடி நெல்லுத் தலையைக் குனிஞ்சு பார்க்கலாம். எங்கட தண்ணி பங்கிடுற வட்டவிதானைமார் உன்னிச்சைக் குளத்துத் தண்ணிக்கு மல்லுக்கட்டுவாங்க. அங்க மோட்டர் போட்டுத் தண்ணியை வெளிய இறைச்சுப் போட்டுத்தான் விதைக்கிறாங்க.

ஒரு கரைச்சல், தண்ணியை மூடி மிதக்கிற ஆற்றுவாழைச் செடி. வயலுக்குள்ள உப்பு வராம இருக்க தண்ணீர்முக்கத்தில தடுப்பணைக் கதவை மழை முடிய இறக்கிருவாங்க. உப்புப் படாட்டி ஆற்றுவாழை சாகாது. எங்கட முகத்துவாரம் வெட்டுப்படாத காலத்தை நினைச்சுக்கொள்ளுங்க. நீங்க போற ஜனவரியில கதவு மூடித்தான் இருக்கும். வாய்க்கால் அடைச்சிருந்தா துடுப்பு உள்ள போகாது, தள்ளித்தான் வெளிய வரவேணும். முதல் நாள் பின்னேரம் எந்த வாய்க்கால் திறந்திருக்கு எண்டு ஊர்ப் படகுக்காரரிட்டக் கேளுங்க, கம்பனி வரைபடத்தை நம்பாதீங்க.

---

கல்லடி_துடுப்பு எழுதியது:

டீச்சர், தம்பி, கோடி நன்றி. அந்த அட்டவணையில, தேக்கடிக்கு, "பெரியாறு ஏரியில கயாக்" எண்டும் ஒரு வரி இருக்கு. அது நடக்கிற காரியமா? சைக்கிள் விஷயமும் ஒருவரும் சொல்லல்ல.

---

திருக்கோவில்_டீச்சர் எழுதியது:

அது 1895இல கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணையால தேங்கின ஏரி, புலிகள் காப்பகத்துக்குள்ள கிடக்கு. நினைச்ச ஆள் நினைச்ச கயாக்கைப் போட ஏலாது. வனத்துறையின்ட மூங்கில் தெப்பம் இருக்கு, நடையும் சேர்த்து. அதில போங்க. மூழ்கின காட்டின்ட பட்ட மரங்கள் இப்பவும் தண்ணிக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கும், நீர்க்காகம் இருந்து செட்டை காய வைக்கும். முன்னம் அந்தக் காட்டில களவா மரப்பட்டை உரிச்ச ஆக்களையே வனத்துறை வழிகாட்டியா எடுத்தது. அவங்களுக்கு எந்த மரத்துக்குக் கீழ என்ன நிக்கும் எண்டு தெரியும். அட்டவணையில அந்த வரியைப் போட்டவரிட்ட அனுமதிச் சீட்டு எங்க எண்டு ஒரு கேள்வி கேளுங்க, மிச்சத்துக்கும் மறுமொழி கிடைச்ச மாதிரி.

---

காத்தான்குடி_நானா எழுதியது:

சைக்கிளுக்கு நான் சொல்றன், கடை வச்சிரிக்கிற ஆள். இஞ்ச இருந்து கொண்டு போக வேணாம். பெட்டி கட்டுற கூலியும் விமானத்தில ஏத்துற காசும் சேர்த்தா அங்க வாடகைக்கு எடுக்கலாம். உங்கட இருக்கையையும் பெடலையும் மட்டும் கழட்டிப் பையில வைங்க. பழகின இருக்கை இல்லாட்டி ரெண்டாம் நாள் குந்த ஒண்ணா.

வாடகைச் சைக்கிளில ரெண்டு விஷயம் பாருங்க. முன் சின்னப் பல்லுச் சக்கரத்தை விட பின் பெரிய சக்கரத்தில பல்லு கூட இரிக்கணும், இல்லாட்டி மலையில தள்ளிக்கிட்டுத்தான் போவீங்க. அடுத்தது பிரேக். இறக்கத்தில விடாம அமத்திப் பிடிச்சா சூடாகி, பிறகு பிடிக்காது. வளைவுக்கு முதல் நல்லா அமத்திக் குறைச்சிப்போட்டு, நேர்த் தெருவில விட்டிடணும். முன்னையும் பின்னையும் மாறி மாறிப் பிடிங்க. விளிம்பு பிரேக் எண்டா இடைக்கிடை நிப்பாட்டி, சில்லின்ட விளிம்பு சுடுதா எண்டு தொட்டுப் பாருங்க. பிள்ளையின்ட உயரத்தை முதல்லயே அனுப்பி அளவான சட்டம் கேளுங்க, பெரிய சைக்கிளில ஏத்தி விட்டா பிரேக்குக்கு விரல் எட்டாது.

டீச்சர் சொன்ன 18 வளைவுக்குப் போறதா இருந்தா உங்கட சைக்கிளைக் கொண்டு வாங்க. கடல் காத்து பட்ட பிரேக் கேபிளை நம்பி அங்க இறங்க ஒண்ணா, மாத்தித்தான் விடுவன். வெள்ளி பூட்டு, சனி காலையில கடையில இரிப்பன். மச்சானையும் கூட்டி வாங்க.