குட்டிக்கு இடம் கிடைத்தது (எங்கள் குடும்பம் குழு)

சின்ன அத்தை: குட்டிக்கு சென்னை கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். அவள் அப்பா வாயே திறக்கவில்லை.

மதுரை மாமா: 👏👏

தம்பி: படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? யாராவது பதில் சொல்லுங்கள், கட்டுகிறேன்.

பெரியப்பா: நான் சொல்கிறேன். இதே கவலை அந்தக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கே இருந்தது. நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போனார்கள். அதனால் ஓவியர்களே சேர்ந்து பாத்திக் துணி செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் பூசிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். அந்தக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம்

பெரியப்பா: கை பட்டுப் போய்விட்டது. தொடரும்.

மதுரை மாமா: உழைப்பாளர் சிலை செய்தவரும் அங்கே முதல்வர்தானே?

பெரியப்பா: ஆமாம், ராய் சௌத்ரி. பணிக்கர் அவரிடம் படித்தவர். அதற்கு முன் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர்.

சின்ன அத்தை: அவர் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தார். நம் வீட்டில் ஒருவர் பெயின்ட் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு வங்கிக்குப் போனார்.

பெரியப்பா: அப்பா போகச் சொன்னார். போனேன்.

பாட்டி: போனவரை இழுக்காதீர்கள்.

மதுரை மாமா: கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் இன்றே சொல்லவும்.

சின்ன அத்தை: என் பெயர் எங்கே?

மதுரை மாமா: அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான்.

சின்ன அத்தை: போன தடவையும் அச்சகத்துக்காரன்தான்.

பெரியப்பா: தொடர்ச்சி. அந்தக் கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர்.

பாட்டி: நானும் டாக்டருக்குத்தானே படிக்கச் சொன்னேன்.

அம்பி: 😂😂

தம்பி: அண்ணா, துணி விற்ற கதை சரி. இவளும் துணி விற்க வேண்டுமா?

பெரியப்பா: பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆகலாம், விளம்பரம், அனிமேஷன், துணி வடிவமைப்பு எல்லாம் இருக்கிறது. பெரிய சம்பளம் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

தம்பி: ஞாயிற்றுக்கிழமை சோழமண்டலம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சின்ன அத்தை: வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றேனே!

மதுரை மாமா: ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். வேன் சொல்லட்டுமா, கார் போதுமா?

குட்டி: அப்பா, உங்கள் போனுக்கு ஓடிபி வந்திருக்கும். அனுப்புங்கள்.

தம்பி: எந்த ஓடிபி?