சோனிக்ஸ் தட்டு: கிழிசல் சத்தம் ஊசியிலா, தட்டிலா?

1965இல் வந்த 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்' ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாக வாங்கி முதல்முறையாகக் கேட்கிறேன். அமெரிக்காவின் டகோமா நகரத்துப் பையன்களின் கராஜ் ராக், அதாவது மெருகேற்றாத முரட்டு ராக் இசை. கரகரப்பு இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கினேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் பாடகர் ஜெர்ரி ராஸ்லி அலறும்போதெல்லாம் 'ஸ்ஸ்ர்' என்று ஒரு கிழிசல் சேர்ந்து வருகிறது. ஸ்ட்ரீமிங்கில் அது மட்டும் இல்லை, மற்ற இரைச்சலெல்லாம் அப்படியே.

மோனோ (ஒற்றைத் தட ஒலி) மறுபதிப்பு, போன வாரம் வந்தது. பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் பகுதி), ஊசி கொஞ்சம் பழசு. தட்டையும் ஊசியையும் துடைத்தாயிற்று. ஊசி தட்டை அழுத்தும் எடையை 1.8 கிராமிலிருந்து 2க்கு ஏற்றினேன். ஆம்பில் மோனோ பொத்தானும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் முதல் பாட்டிலேயே வருகிறது, அதனால் தட்டின் நடுவை நெருங்கும்போது வரும் உள்வட்டக் கோளாறு இல்லை. மற்ற தட்டுகள் சுத்தமாக ஓடுகின்றன. இவ்வளவு சத்தமான தட்டு என்னிடம் வேறு இல்லை என்பதுதான் சிக்கல்.

ஊசியை மாற்றவா, தட்டைத் திருப்பி அனுப்பவா?